முயல்கள் நாற்காலியில் அமர்வதில்லை என்பது குறித்து

அனுப்புநர்:
உலகப் புகழ் பெற்ற (மூன்று தெரு வரை) ஒலிபெருக்கி வாடகை நிலையத்தின் உரிமையாளர்,
ஆராய்ச்சி வளாகத்தின் பெரிய வாயிலுக்கு எதிர்ப்புறம்.
(வளாகத்தில் மருந்தியல் ஆய்வு செய்யும் மாணவியின் தாய்மாமன்)

பெறுநர்:
உயர்திரு கட்டடப் பராமரிப்புத் தலைமை அலுவலர் அவர்கள்,
நிர்வாகப் பிரிவு, முதல் மாடி,
எப்போதும் சாத்தியிருக்கும் கண்ணாடிக் கதவு.

பொருள்: யோனி வழியாக மருந்து செலுத்துவதற்கான, உடற்சூட்டில் இறுகும் ஜெல்லை முயல்களிடம் சோதிக்கும் அறையில் குளிர்சாதனம் துண்டிக்கப்பட்டது – வரும் செவ்வாய்க்கிழமைக்குள் மீண்டும் இணைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மின்சிக்கனச் சுற்றறிக்கையும், அதைத் தொடர்ந்து வந்த விளக்கக் கடிதமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசைக்கு வரும் மனுக்கள் அனைத்தும் பணிவாகத் தொடங்கிப் பணிவாகவே முடியும் என்று அறிவேன். இதுவும் பணிவாகத்தான் தொடங்குகிறது. எங்கே போய் முடியும் என்பது வெயிலின் கையில் இருக்கிறது.

1. முதலில் பொருள் வரியைப் பற்றி. தபால் பிரிவில் மனுக்களைப் பதிவு செய்யும் எழுத்தர் வரைவிலேயே அதைப் படித்துவிட்டு, காது மடல் சிவக்க, "சார், இந்த வார்த்தையெல்லாம் ரெஜிஸ்டர்ல ஏத்த முடியாது. 'பொது'ன்னு போட்டுடவா?" என்று கேட்டார். போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பொதுக்கூட்டத்தில் காணாமல்போன குழந்தையிலிருந்து, விளையாட்டு விழாவில் கண்டெடுக்கப்பட்ட பல்செட்டு வரை, என் நாக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்காத பொருள் இந்தப் பூமியில் இல்லை. அப்பேர்ப்பட்ட நாக்கே ஆரம்பத்தில் "அது" என்றும் "அந்த இடம்" என்றும் நொண்டியடித்தது. என் அக்கா மகள்தான், "மாமா, மூக்குன்னு சொல்றீங்கல்ல? முழங்கைன்னு சொல்றீங்கல்ல? அதே மாதிரி சொல்லுங்க. மைக் வச்சிருக்கிறவரே முழுங்கினா மத்தவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கண்டித்தாள்.

எனவே என் கிடங்கின் கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கைப் பிடித்து அந்தச் சொல்லைப் பயிற்சி செய்தேன். எல்லாப் பெட்டிகளின் இணைப்பையும் பிடுங்கிவிட்டதாக எண்ணியிருந்தேன். கூரைமேல் இருந்த ஒன்றை மறந்துவிட்டேன். தெருவே வாயடைத்துப் போயிற்று. காகங்கள் ஊரைவிட்டே கிளம்பின. எதிர்வீட்டு ஆசிரியை மட்டும் சன்னலைத் திறந்து, "உச்சரிப்பு சுத்தமா இருக்கு" என்று சான்றளித்தார். ஆகவே இம்மனுவில் அச்சொல் வரும் இடங்களில் தாங்கள் தயங்காமல் வாசிக்கலாம். வெட்கப்பட வேண்டிய பங்கு முழுவதையும் தெருவின் சார்பில் நானே பட்டு முடித்துவிட்டேன்.

2. இனி ஜெல். இது பிறவியிலேயே ஏறுமாறான பொருள். நெய் குளிரில் உறையும், சூட்டில் உருகும். இது குளிரில் தண்ணீராக ஓடும், சூட்டில் இறுகும். குளிர்ந்த நிலையில் இதை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மெல்லிய குழாய் வழியாக யோனிக்குள் விட்டால், மூலைமுடுக்கெல்லாம் பரவும். உடற்சூடு பட்டதும் கெட்டியாகி அங்கேயே தங்கி, தன்னுள் இருக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். உட்கார்ந்தாலும் எழுந்தாலும் நடந்தாலும் ஒழுகாது. இதுதான் என் அக்கா மகளின் கனவு, படிப்பு, மூன்று வேளைச் சாப்பாட்டு நேரப் பேச்சு.

பெண்களிடம் கொடுப்பதற்கு முன் பெண் முயல்களிடம் பார்க்க வேண்டும் என்பது விதி. உள்ளே தங்குகிறதா, வழிகிறதா, சிவக்கிறதா, வீங்குகிறதா என்று காலையிலிருந்து மாலைவரை பார்ப்பார்கள். மருந்தியல் துறை வளாகத்தின் ஒரு கோடி, முயல் அறை மறு கோடி. இடையில் ஜெல் சூடேறாமல் இருக்க, ஐஸ் பெட்டியில் வைத்து அதை என் ஸ்கூட்டரில் கொண்டு செல்லும் மாபெரும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அரசர்களின் கிரீடங்கள்கூட இத்தனை மரியாதையுடன் ஊர்வலம் போயிருக்காது. வேகத்தடை வந்தால் நான் இறங்கித் தள்ளிக்கொண்டே போகிறேன்.

முயல்களுக்கு ஆய்வில் எண்கள்தான் உண்டு. பழகிய தோஷத்தில் நான் பட்டங்கள் வழங்கியிருக்கிறேன். மகாராணி யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. டீச்சர் எல்லோரையும் உற்றுப் பார்ப்பாள். மாமியார், தனக்குப் பிடிக்காதவர் யாராவது வந்தால் பின்னங்காலால் தரையை ஓங்கி உதைப்பாள். தங்கள் மின்சிக்கன ஆய்வாளர் வந்த அன்று அவள் உதைத்த உதையில், பக்கத்துக் கட்டடத்தில் நிலநடுக்கம் என்று நினைத்து ஆட்கள் படியிறங்கி ஓடியதாகக் கேள்வி.

3. ஆய்வாளர் என்றதும் நினைவு வருகிறது. "அமர்ந்து பணிபுரிவோர் எவரும் இல்லாத அறைகளில் குளிர்சாதனம் துண்டிக்கப்படும்" என்று தங்கள் சுற்றறிக்கை கூறுகிறது. அதை நிறைவேற்றும் ஆய்வாளரை வளாகமே அன்போடு "சுவிட்ச் சார்" என்று அழைக்கிறது. அவர் ஒவ்வொரு கதவின் கண்ணாடி வழியாகவும் எட்டிப் பார்ப்பார். யாராவது உட்கார்ந்திருந்தால் போய்விடுவார். இல்லையென்றால் வெளியே இருக்கும் கம்பிப் பெட்டியைத் திறந்து, சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

ஐயா, முயல் வேலை நின்றுகொண்டு செய்யும் வேலை. ஒருவர் முயலை அணைத்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் மருந்தை விட வேண்டும். அந்த அறையில் நாற்காலியே கிடையாது. முயல்கள் அமர்கின்றன என்பது உண்மைதான்; ஆனால் நாற்காலியில் அமர்வதில்லை. இதைச் சுவிட்ச் சாரிடம் எடுத்துச் சொன்னோம். "உள்ள ஆள் இருக்காங்க சார், உயிர் இருக்கு சார்" என்று மன்றாடினோம். "இருக்கட்டும். உக்காந்திருக்கா? ஆர்டர்ல 'அமர்ந்து'ன்னுதான் இருக்கு" என்று சொல்லி அணைத்துவிட்டார். ஜெல் இறுகிவிடும் என்று என் அக்கா மகள் அழாக்குறையாக விளக்கியபோது, "வெயில்ல எல்லாம் உருகும். கெட்டியாகுமா? யார்கிட்ட கதை விடறே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

4. அன்று மதியம் நடந்ததைச் சொல்கிறேன். அறையின் சூடு ஏறிய ஏற்றத்தில், சுவரில் இருந்த பல்லி தரையில் இறங்கி நடந்தது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்த ஜெல், முயலிடம் போய்ச் சேருவதற்குள் சிரிஞ்சிலேயே இறுகிக்கொண்டது. என் அக்கா மகள் மெதுவாக அழுத்தினாள், அசையவில்லை. சற்று ஓங்கி அழுத்தினாள். குழாய் கழன்றுகொண்டு, ஜெல் பீரங்கிக் குண்டுபோலப் புறப்பட்டு, முயலைப் பிடித்திருந்த கால்நடை மருத்துவரின் புருவங்களிலும் முன்மயிரிலும் அப்பிக்கொண்டது. மகாராணி ஏறெடுத்துப் பார்த்தாள். வரலாற்றில் முதல் முறை.

மருத்துவர் கோபத்தில் துடைக்கக்கூட நிற்காமல், முறையிடுவதற்காக நேரே தங்கள் நிர்வாகப் பிரிவுக்கு நடந்தார். அங்கே நல்ல குளிர். ஜெல் தன் குணத்தைக் காட்டியது. புருவத்திலிருந்து உருகி, இரண்டு கன்னங்களிலும் தாரை தாரையாக வழிந்தது. சிரித்தும் அறியாத, அழுதும் அறியாத அந்த மனிதரைத் தங்கள் பிரிவுப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "அழாதீங்க டாக்டர், ஒரு முயல் போனா இன்னொரு முயல்" என்று தேற்றி, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி அனுப்பிவைத்தார்கள். அவர் வாய் திறந்து முறையிட ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கே இம்மனு.

5. இனிச் சொல்வதில் மிகையில்லை. முயலுக்கு வியர்க்காது; காதுகள் வழியாகத்தான் சூட்டை இறக்கிக்கொள்ளும். இப்போது கூண்டுகளில் உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளை வைத்திருக்கிறோம். மூன்று பேரும் காதுகளைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, புட்டிகள்மேல் முதுகை ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். மாமியார் யாரையும் உதைப்பதில்லை. அவள் உதைக்காமல் இருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

விலங்கு நலக்குழு இந்தச் சோதனைக்கு இன்னும் ஒரு நாள்தான் அனுமதித்திருக்கிறது: செவ்வாய்க்கிழமை. அதன்பின் புதிய முயல்கள் கிடையாது. கூடாது என்பதே சரியும்கூட. மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ரூம் சூடா இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா. உள்ள சிவந்திருந்தா அது மருந்தாலயா, வெயிலாலயான்னு யார் சொல்றது? வீணா ஒரு முயலத் தொட விடமாட்டேன்." அவர் சொல்வது நியாயம். செவ்வாய்க்கிழமை குளிர் இல்லையென்றால் சோதனை இல்லை. சோதனை இல்லையென்றால் அந்த ஜெல் கோப்புக்குள் "தோல்வி" என்ற சொல்லுடன் படுத்துக்கொள்ளும். தோற்றது ஜெல் அல்ல, நாற்காலி இல்லாமைதான் என்று எந்தக் கோப்பும் எழுதாது.

6. தங்கள் ஆணையை மீறும் எண்ணம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஆகவே அதற்குக் கீழ்ப்படிந்தோம். என் கடையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அறையின் நடுவே போட்டோம். மருத்துவர் எனக்கு முறைப்படி பயிற்சி கொடுத்து, அங்கி, தொப்பி, முகமூடி, காலுறை அனைத்தும் மாட்டிவிட்டு, "எதையும் தொடாதீங்க. பேசாதீங்க. முக்கியமா, பேசாதீங்க" என்று உத்தரவிட்டார். நான் அமர்ந்தேன்.

அப்படி அமர்ந்ததை நானே சொல்லக் கூடாது. சிங்காதனங்களில் பலர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவரும் இத்தனை முழுமனதோடு அமர்ந்ததில்லை. சுவிட்ச் சார் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கதவைத் திறந்து, "யாருங்க நீங்க?" என்றார். பேசக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் நான் பேசவில்லை. என் அக்கா மகள்தான், "இவருதான் சார் மனுஷன்" என்று அறிமுகப்படுத்தினாள். அவர் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். குறை ஒன்றும் காண முடியவில்லை. குளிர் வந்தது. மாமியார் அவரைப் பார்த்து ஓங்கி உதைத்தாள். என் வாழ்நாளில் கேட்ட கைத்தட்டல்களில் தலைசிறந்தது அதுதான்.

7. மறுநாளே தங்கள் விளக்கக் கடிதம் வந்தது. "மேற்படி அறையில் அமர்ந்திருந்தவர் பணியாளர் அல்லர், மேற்படி அறையில் இருந்த பணியாளர் அமர்ந்திருக்கவில்லை, எனவே அமர்ந்து பணிபுரிவோர் எவரும் இல்லை" என்று இருந்தது. குளிர் மறுபடி நின்றது. இதன் அழகை நான் வியக்காமல் இல்லை. என் நிலையத்தில் ஒலிபெருக்கி கட்டும் இரண்டு பேருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். ஒருவன் அன்று பிற்பகல் முழுவதும் உட்காரவே பயந்தான்.

மருத்துவர் பணியாளர்தானே, அவர் அமரட்டுமே என்று தாங்கள் கேட்கலாம். அவரை உட்காரவைத்துவிட்டு முயலை யார் பிடிப்பது? மாணவி அமரட்டுமே என்றால், அவள் பணியாளர் பட்டியலில் இல்லை. கூட்டிப் பெருக்கும் அம்மாவும் ஒப்பந்தத்தில் இருப்பதால் பட்டியலில் இல்லை, "எனக்கு உக்கார நேரம் இருந்தா நான் ஏன் தம்பி உங்ககூடப் பேசிட்டு நிக்கிறேன்?" என்றும் கேட்டுவிட்டார்.

8. ஆகவே நேரில் முறையிட இந்த வாரம் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. குளிர்சாதனம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிமேல் பனி படிந்து, வாசலில் நின்ற எனக்கே பல் கிட்டியது. தங்கள் சுழல் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் முதுகில் தங்கள் சாம்பல் நிறக் கோட்டு, தோள்கள் விறைப்பாக, கம்பீரமாக மாட்டியிருந்தது.

அலுவலக உதவியாளரிடம், "ஐயா இருக்காருங்களா?" என்றேன்.

"வந்துட்டாருங்க. கோட்டு இருக்குல்ல?"

"ஐயா எங்க?"

"அது தெரியாதுங்க. ஆனா வந்துட்டாரு."

தாங்கள் எங்கோ முக்கியமான பணியில் இருந்திருப்பீர்கள், ஐயமே இல்லை. நான் அந்தக் கோட்டுக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு, நடைபாதை ஓரத்தில் நின்று காத்திருந்தேன். நான் மட்டுமல்ல, கோப்புடன் போன இரண்டு எழுத்தர்களும் கோட்டுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் கடந்தார்கள். அப்போது சுவிட்ச் சார் வந்தார். வழக்கம்போல எட்டிப் பார்த்தார். கை சுவிட்ச் பெட்டிவரை போய்விட்டது. கோட்டினைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, காலணிச் சத்தம் கேட்காமல் முன்னங்காலால் நடந்து போனார்.

அந்தக் கோட்டு பணியாளர் பட்டியலில் இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன். அது அமர்ந்திருந்ததா, தொங்கிக்கொண்டிருந்ததா என்ற சந்தேகத்தையும் எழுப்ப மாட்டேன். குளிர் கிடைக்க என்ன தகுதி வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தெளிவாயிற்று. அதற்காகத் தங்களுக்குக் கடமைப்பட்டுள்ளேன்.

9. கடைசியாக ஒன்று. இது மனுவில் இடம்பெற வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் அக்கா, அதாவது இந்த ஆய்வு மாணவியின் தாயார், பேருந்து நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் வேலை பார்க்கிறாள். நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. சில வருடங்களுக்கு முன் அவளுக்கு வெள்ளைப்படுதலும் உள்ளே அரிப்பும் வந்து, விடாமல் திரும்பத் திரும்ப வந்தது. உள்ளே வைக்கக் கொடுத்த மருந்து ஒழுகி, உட்கார்ந்தால் புடவையில் கறை படிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்தாள். மேலாளர் கேட்டதற்கு முதுகுவலி என்றாள். வரிசையில் நின்றவர்கள், "இந்தம்மா என்ன, மரியாதைக்கு எந்திரிச்சி நிக்குதா?" என்று சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தும் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள்தான் இந்த ஜெல்லின் பின்னால் போயிருக்கிறாள்.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எழுதுடா. என் ஒருத்திக்கா வந்துச்சு? கவுண்டர்ல வந்து நிக்கிற பொம்பளைங்கள்ல எத்தன பேருக்கு இருக்கோ. பேர மட்டும் போடாத" என்றாள். பிறகு, "உன் பேரையும் போடாத. உன்ன வச்சி என்னக் கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள். இம்மனுவில் ஒருவர் பெயரும் இல்லாததற்கு அதுவே காரணம். மொட்டைக் கடிதம் என்று கருத வேண்டாம். என் கடை தங்கள் வாயிலுக்கு எதிரேதான் இருக்கிறது, என் குரல் தங்கள் மாடிவரை கேட்கும்.

உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் குளிர் என்று தங்கள் ஆணை சொல்கிறது, ஐயா. உட்கார முடியாதவர்களுக்காகத்தான் அந்த அறையில் மூன்று முயல்களும் இரண்டு மனிதர்களும் வேலை செய்கிறார்கள்.

10. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

(அ) முயல் அறையில் யார் அமர்ந்தாலும் அமராவிட்டாலும் குளிர்சாதனம் ஓடலாம் என்று தாங்கள் ஒரு வரி எழுதித்தர வேண்டும். செவ்வாய்க்கிழமைக்கு முன்பே முயல்கள் இளைப்பாறிச் சமநிலைக்கு வர வேண்டும் என்று மருத்துவர் சொல்வதால், திங்கட்கிழமை காலையிலேயே கிடைத்தால் பேருதவி.

(ஆ) அப்படி ஒரு வரி எழுதக் கோப்பு பல மேசைகள் ஏறி இறங்க வேண்டும் என்றால், அதுவரை தாங்களே முயல் அறைக்கு வந்து அமர்ந்தருள வேண்டும். அங்கியும் தொப்பியும் தங்கள் அளவில் எடுத்து வைத்திருக்கிறோம். மாமியார் முதலில் உதைப்பாள், பழகிவிடுவாள்.

(இ) அதற்கும் தங்களுக்கு நேரம் இல்லாவிட்டால், தங்கள் கோட்டினை மட்டுமாவது அனுப்பிவைக்க வேண்டும். திங்களும் செவ்வாயும் போதும். அது கண்ணாடியில் தெரியும்படி, நாற்காலியின் முதுகில், சுவரைப் பார்த்து மாட்டப்படும். பொத்தான்களைக் கடிக்கும் பழக்கம் டீச்சருக்கு இருப்பதால் எட்டாத தூரத்தில் வைப்போம். ஒரு முயல் மயிர்கூட ஒட்டாமல், ஐஸ் பெட்டியின்மேல் வைத்து, என் ஸ்கூட்டரில், வேகத்தடைகளில் இறங்கித் தள்ளிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பேன். அதுவரை தங்கள் அறையில் குளிர் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, தங்கள் நாற்காலியில் மாட்ட என்னுடைய மழைக்கோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பச்சை நிறம்தான், ஆனால் தோள்கள் விறைப்பாக இருக்கும்.

தங்கள் ஒரு வரிக்காக வாயிலுக்கு எதிரே, நின்றுகொண்டே காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஒலிபெருக்கிக்காரன்,
மாணவியின் தாய்மாமன்,
முயல் அறையின் முன்னாள் மனிதன்.

இடம்: முயல் அறைக்கு வெளியே, மூன்றாம் படி.
நாள்: செவ்வாய்க்கு முந்திய வெள்ளி, நல்ல வெயில்.

இணைப்பு: மழைக்கோட்டு – ஒன்று.
நகல்: சுவிட்ச் சார் அவர்களுக்கு, மழைக்கோட்டினைக் கண்டால் வணக்கம் செலுத்தும் பொருட்டு.